துண்டு முதல் தனாசில் வரை

2024 ஜூன் 12 அதிகாலையில் குவைத்தின் மங்காஃப் பகுதியில், தொழிலாளர்கள் தங்கியிருந்த அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று தீப்பிடித்தது. இரண்டு நாள் கழித்துக் கொச்சியில் இறங்கிய விமானப்படை விமானத்தில் 45 இந்தியர்களின் உடல்கள் வந்தன. ஏழு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். அந்த ஏழில் ஒருவர் செஞ்சிக்காரர். தமிழ்நாட்டு அரசின் சார்பில் உடல்களைப் பெற்றுக்கொள்ளக் கொச்சியில் நின்றவர், வெளிநாடு வாழ் தமிழர் நலத்துறையை அப்போது கவனித்துவந்த அமைச்சர் செஞ்சி மஸ்தான். அவர் அப்போது அதே செஞ்சித் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தார்.

தீக்குக் காரணம் மின்கசிவு என்று குவைத் அதிகாரிகள் சொன்னார்கள். விசா முறையிலிருந்து அந்தத் தீக்கு நேர்க்கோடு இழுப்பது நியாயமாகாது. ஆனாலும் வளைகுடா வேலையின் அமைப்பு ஒன்றை அந்தச் சம்பவம் கண்முன் நிறுத்தியது. வேலை, படுக்கை, நாட்டில் இருக்கும் உரிமை ஆகிய மூன்றும் அங்கே பெரும்பாலும் ஒரே கையிலிருந்து வருகின்றன. படுக்கை சரியில்லை என்று ஒருவர் முறையிடுவதற்கு முன் மற்ற இரண்டையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

திண்டிவனம்–திருவண்ணாமலைச் சாலையில், மூன்று மலைக்கோட்டைகளின் அடிவாரத்தில் இருக்கும் செஞ்சியைச் சுற்றி நெல்லும் மல்லாட்டையும்தான் பிழைப்பு. ஏரி நிரம்பாத ஆண்டுகளில் பாஸ்போர்ட் எடுப்பது அடுத்த வழி. வெல்டர், எலக்ட்ரீஷியன், ஏசி மெக்கானிக், டிரைவர் என்று கைத்தொழில் தெரிந்து போகிறவருக்கு விசா தருவது பெயரளவில் ஒரு நாடு. உண்மையில் அதை எடுத்துக் கொடுப்பவர் ஒரு முதலாளி. தற்காலிகமாக வேலைக்கு வருகிறவரின் தங்கும் உரிமையை வேலை கொடுப்பவரோடு கட்டிவைக்கலாமா, கட்டினால் எவ்வளவு இறுக்கமாகக் கட்டுவது என்பது சுமார் 200 ஆண்டுகளாகப் பல பெயர்களில் கேட்கப்பட்டுவரும் கேள்வி. இதுவரை கிடைத்த பதில்களையும் அவை இடறும் இடங்களையும் இக்கட்டுரை வரிசைப்படுத்திப் பார்க்கிறது.

பழைய தாள்கள்

1993 வரை செஞ்சி தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்திலிருந்து கடல் தாண்டிப் போனவர்களைத் தந்த மாவட்டங்களில் அதுவும் ஒன்று. செஞ்சியிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டரில் பாண்டிச்சேரித் துறைமுகம். 1860இல் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பின், பிரிட்டிஷ் இந்தியக் குடிகளையும் ரீயூனியன் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் எடுக்க வழி திறந்தது. அங்கே நடந்த கொடுமைகள் பற்றிய புகார்கள் குவிந்ததால், 1882இல் பிரிட்டிஷ் இந்திய அரசு அந்த வழியை மூடியது.

1834இல் மொரீஷியஸில் தொடங்கிய ஒப்பந்தக் கூலி முறையின் உயிர்நாடி ஐந்தாண்டு ஒப்பந்தம். தோட்டத்தை விட்டு வெளியேறுவது அதில் வெறும் ஒப்பந்த மீறல் அல்ல, குற்றம், தண்டனை சிறை. ஒப்பந்தம் முடிந்தவருக்கும் விடுதலை முழுமையாகக் கிடைக்கவில்லை. மொரீஷியஸின் 1867ஆம் ஆண்டுச் சட்டம், புகைப்படம் ஒட்டிய அனுமதிச் சீட்டோடுதான் அவர் நடமாட வேண்டும் என்றது. தங்கும் அனுமதி அட்டையான இக்காமாவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடக்கும் இன்றைய சவுதித் தொழிலாளிக்கு அந்தச் சீட்டை விளக்கத் தேவையில்லை.

இந்த முறையை வரலாற்றாசிரியர்கள் இரண்டு விதமாக வாசிக்கிறார்கள். 1974இல் வெளிவந்த நூலில் ஹியூ டிங்கர் இதைப் புதுப்பெயரிட்ட அடிமைமுறையாகப் பார்த்தார். பின்னர் வந்த பிரிஜ் லால், மரீனா கார்ட்டர் போன்றோர் போனவர்களின் தேர்வையும் கணக்கையும் முன்வைத்தார்கள்: பஞ்சத்திலிருந்தும் சாதிக் கட்டுப்பாட்டிலிருந்தும் தப்பியவர்கள், திரும்பவும் போனவர்கள், உறவினரை அழைத்துக்கொண்டவர்கள். இரண்டாவது வாசிப்பு முதலாவதை மறுத்துவிடவில்லை என்றே தோன்றுகிறது. தெரிந்தே ஒருவர் கப்பல் ஏறலாம். ஏறிய பிறகு இறங்க முடியாத நிலையும் உண்மையாக இருக்கலாம். இன்றைய வளைகுடா விவாதமும் இந்த இரண்டு உண்மைகளுக்கு நடுவில்தான் நடக்கிறது.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் வழி வேறு. அங்கே பல ஆண்டு ஒப்பந்தம் கிடையாது. சட்டப்படி ஒரு மாத முன்னறிவிப்பில் தொழிலாளி விலகலாம். ஆனால் ஆள் சேர்த்து அழைத்துவரும் கங்காணி தோட்டத்திடம் முன்பணம் வாங்கியிருப்பார். தொழிலாளி கங்காணியிடம் கடன்பட்டிருப்பார். ஒரு கூட்டம் வேறு தோட்டத்துக்கு மாற வேண்டுமானால், இன்ன தொகையைக் கட்டினால் இவர்களை விடுவேன் என்று பழைய துரை ஒரு தாளில் எழுதித் தர வேண்டும். அதற்குத் ‘துண்டு’ என்று பெயர். ஆங்கிலத் துரைமாரும் அரசு ஆவணங்களும் இந்தத் தமிழ்ச் சொல்லையே எடுத்தாண்டார்கள். துண்டு கைமாறும்போதெல்லாம் கடன் வளர்ந்தது. தோட்டங்கள் ஆளுக்காகப் போட்டியிட்டதில் கங்காணிக்கு முன்பணம் கூடியது. அதன் சுமை கீழே இறங்கியது. 1921இல் சட்டம் துண்டை ஒழித்தது.

துண்டின் வரலாறு இன்றைய கேள்விக்கு முக்கியமானது. சட்டத்தில் கதவு திறந்தே இருந்தது, பூட்டியது கடன். அந்தப் பூட்டின் சாவியாக ஒரு தாள் இருந்தது. பெயர்களை மாற்றினால், பழைய முதலாளி எழுதித்தரும் விடுவிப்புத் தாளை இன்று ‘ரிலீஸ்’ அல்லது ‘தனாசில்’ என்று சொல்வதன் கதையும் இதுதான்.

கஃபாலா எங்கிருந்து வந்தது

தொழிலாளியின் விசாவை வேலை கொடுப்பவரோடு பிணைக்கும் வளைகுடாவின் கஃபாலா முறைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் மூலம் பழங்குடி விருந்தோம்பல். அயலாருக்கு உள்ளூர்க்காரர் ஒருவர் பொறுப்பேற்பது, அவர் செய்வதற்கெல்லாம் தான் பிணை நிற்பது. அதன் நவீன வடிவமே, விசாவுக்குப் பொறுப்பேற்கும் கஃபீல் என்கிறது இந்த விளக்கம். ஒருவரின் பேரில் மற்றவர் நாட்டில் இருப்பதை இயல்பாகக் காட்டுவதால் இது ஆட்சியாளர்களுக்கு வசதியான விளக்கமும்கூட.

பஹ்ரைன் ஆய்வாளர் ஒமர் அல்ஷெஹாபி இதை மறுக்கிறார். 1920களில் முத்துக்குளிப்புக்கும் பிறகு எண்ணெய்த் தொழிலுக்கும் வந்த வெளியாட்களைக் கண்காணிக்கப் போதிய காவலர் இல்லாத பிரிட்டிஷ் நிர்வாகம், அந்த வேலையை வேலை கொடுப்பவர்களிடம் தள்ளியதே கஃபாலாவின் நவீனப் பிறப்பு என்று அவர் ஆவணங்களிலிருந்து காட்டுகிறார். இவ்வாதம் வலுவானது. ஆனால் பிரிட்டிஷார் போய் அரை நூற்றாண்டு கழிந்தும் இந்த முறை ஏன் நீடிக்கிறது என்பதை அது மட்டுமே விளக்காது. பிறந்த காரணமும் நீடிக்கும் காரணமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. குவைத்தை ஆராய்ந்த ஆன் ங்கா லோங்வா 1997இல் எழுதிய நூல் அந்த இரண்டாவது காரணத்தைத் தொடுகிறது. வெளிநாட்டவரே பெரும்பான்மையாக வாழும் நாட்டில் ஒவ்வொரு குடிமகனையும் ஒரு காவல்காரராக்குகிறது இந்த முறை. குடிமக்களுக்குக் கிடைக்கும் அதிகாரமே அதன் பிடிமானம்.

கட்டிவைப்பதை ஆதரிப்போர்

ஆதரவு வாதங்களை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. முதல் வாதம் செலவு. விமானச் சீட்டு, விசாக் கட்டணம், பயிற்சி எல்லாம் செலவழித்து ஒருவரை வரவழைத்த முதலாளி, அவர் அடுத்த மாதமே பக்கத்து கம்பெனிக்குப் போனால் அடுத்த முறை யாரையும் வரவழைக்க மாட்டார். இரண்டாவது, பொறுப்பு. சிங்கப்பூரில் மலேசியர் அல்லாத ஒவ்வொரு வொர்க் பெர்மிட் தொழிலாளிக்கும் முதலாளி 5,000 வெள்ளிப் பிணைப் பத்திரம் கட்டுகிறார். தங்குமிடம், மருத்துவம், திருப்பி அனுப்புதல் எல்லாம் அவர் தலையில். பிணை கட்டியவர் பிடியை இறுக்குவார் என்பது எதிர்பார்க்கக் கூடியதே.

மூன்றாவது வாதம்தான் கனமானது. மார்ட்டின் ரூஸ் 2013இல் வெளியிட்ட நூலில் 46 நாடுகளின் வேலைக் குடியேற்றத் திட்டங்களை ஒப்பிட்டார். குறைந்த திறன் வேலைகளுக்கு அதிக ஆட்களை ஏற்கும் நாடுகள் அவர்களுக்குக் குறைந்த உரிமைகளையே தருகின்றன என்றும், உரிமைகளைக் கூட்டினால் எண்ணிக்கை சுருங்கும் அபாயம் இருக்கிறது என்றும் அவர் கண்டார். இது உண்மையானால், உரிமைக்காகப் பேசுகிறவர் ஊரில் காத்திருக்கும் அடுத்த வெல்டரின் வாய்ப்புக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

எனினும் ரூஸ் பேசும் உரிமைகள் ஒரே தன்மையுடையவை அல்ல. பொதுநல உதவி, குடும்பத்தை அழைத்துவருவது போன்றவற்றுக்கு வரவேற்கும் நாட்டின் கருவூலம் செலவழிக்க வேண்டும். முதலாளியை மாற்றும் உரிமைக்கு அப்படிக் கருவூலச் செலவு இல்லை. அது சம்பளத்தை நிர்ணயிக்கும் பேரத்தில் ஒரு பக்கத்தின் கையைக் கொஞ்சம் வலுவாக்குகிறது, அவ்வளவே. எண்ணிக்கைக்கும் உரிமைக்கும் இடையிலான தராசில் இந்த உரிமையை மற்றவற்றோடு சேர்த்து எடைபோடுவது சரியாகப்படவில்லை.

‘அடிமைமுறை’ என்ற சொல்லின் எல்லை

எதிர்ப்போர் பக்கத்தில் மனித உரிமை அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் அடிமைமுறை என்ற சொல்லையே எடுக்கின்றன. 2006இல் இஸ்ரேலின் உச்ச நீதிமன்றம், விசாவை ஒரே முதலாளியோடு பிணைக்கும் ஏற்பாடு தொழிலாளியின் அடிப்படை உரிமைகளைப் பறிப்பதாகத் தீர்ப்பளித்தது. பஹ்ரைனில் இந்தியத் தொழிலாளர்களை ஆராய்ந்த ஆண்ட்ரூ கார்ட்னர் இன்னும் நுணுக்கமான கருத்தைச் சொல்கிறார். கொடுமை கெட்ட முதலாளிகளால் மட்டும் வருவதல்ல. நல்ல முதலாளியின் கீழும் அமைப்பே வன்முறையாகச் செயல்படுகிறது. பாஸ்போர்ட்டைப் பிடுங்கிவைப்பது சட்டவிரோதம் என்று அறிந்தும் பலரிடம் அது முதலாளியின் அலமாரியில் இருப்பதும், ‘ஹுரூப்’ என்று ஓடிப்போனவராகப் புகார் எழுதும் அதிகாரம் ஒரு பக்கத்திடமே இருப்பதும் அவர் சொல்லுக்கு எடுத்துக்காட்டுகள்.

அடிமைமுறை என்ற சொல் கவனத்தை ஈர்க்கிறது. ஆனால் கேள்வியை மங்கலாக்கவும் செய்கிறது. திரும்பி வந்தவர் மறுபடி விசா எடுக்கிறார். தம்பிக்கும் எடுத்துக் கொடுக்கிறார். 2015இல் நடந்த தமிழ்நாடு புலம்பெயர்வுக் கணக்கெடுப்பு வெளிநாட்டில் இருந்த தமிழ்நாட்டினரைச் சுமார் 22 லட்சம் என்று மதிப்பிட்டது. சிங்கப்பூர், ஐக்கிய அமீரகம், சவுதி அரேபியா ஆகிய முன்னணி நாடுகள் மூன்றிலும் விசா முதலாளியின் பேரில்தான் வருகிறது. அவர்களை ஏமாந்தவர்கள் என்று மட்டும் பார்ப்பது அவர்களுடைய அறிவைக் குறைத்து எடைபோடுவது. நாம் கேட்க வேண்டியது, தெரிந்தே போகிறவருக்கும் திரும்பி வரும் வழி ஏன் இன்னொருவர் கையெழுத்தில் தொங்க வேண்டும் என்பதே.

கதவைத் திறந்த நாடுகள்

2009 முதல் வளைகுடா நாடுகள் ஒவ்வொன்றாகக் கட்டைத் தளர்த்தின. பஹ்ரைன் 2009இல் முதலாளி சம்மதமின்றி மாறும் உரிமை தந்தது. 2011இல் முதலாண்டு முடிந்த பிறகே என்று திருத்தியது. கத்தார் 2018இல் பெரும்பாலோருக்கு வெளியேறும் அனுமதியை நீக்கி, 2020இல் வேலை மாறத் தேவைப்பட்ட முதலாளியின் தடையின்மைச் சான்றையும் நீக்கியது. ஓமான் 2021 ஜனவரியிலிருந்து ஒப்பந்தம் முடிந்தவர் அந்தச் சான்றின்றி மாறலாம் என்றது. 2021 மார்ச்சில் வந்த சவுதியின் திருத்தம் வீட்டு வேலைக்காரர், வீட்டு டிரைவர், பண்ணைத் தொழிலாளி போன்றோரை வெளியே நிறுத்தியது. மிக அதிகமாக அடைபட்டிருப்பவர்களே விடுபட்டார்கள் என்பது இந்தச் சீர்திருத்தங்களின் பொதுவான குறை. குவைத்திலும் கம்பெனிக்கான 18ஆம் நம்பர் விசாவும் வீட்டுக்கான 20ஆம் நம்பர் விசாவும் இரண்டு வெவ்வேறு உலகங்கள். அங்கே காற்று எதிர்த்திசையிலும் அடித்தது: 2025 ஜூலை 1 முதல் தனியார் துறை வெளிநாட்டவர் நாட்டைவிட்டு வெளியே போக முதலாளி ஒப்புதலோடு கூடிய அனுமதி வேண்டும் என்றானது.

விளைவுகளை அளந்த ஆய்வுகளில் சுரேஷ் நாயுடு, யா நியார்கோ, ஷிங்-யி வாங் மூவரும் 2016இல் வெளியிட்டது அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. 2011இல் ஐக்கிய அமீரகம், ஒப்பந்தம் முடிந்தவர் பழைய முதலாளியின் சம்மதமின்றி மாறலாம் என்றது. அதன் பின் ஒப்பந்தம் முடிந்தவர்களின் வருமானம் 10 விழுக்காட்டுக்கு மேல் கூடியது. அவர்கள் கூட்டமாக ஓடிவிடவும் இல்லை. பலர் அதே கம்பெனியில் நல்ல சம்பளத்தில் தங்கினார்கள், நாடு திரும்புவோரும் குறைந்தார்கள். ஆனால் கம்பெனிகள் புதிய ஆள் எடுப்பதைக் குறைத்தன. புதிதாக வந்தவரின் தொடக்கச் சம்பளமும் இறங்கியது. அதாவது ரூஸ் சொன்ன முரண் சற்றே தலைகாட்டுகிறது. இதைக் காட்டிக் கதவை மூடச் சொல்வது அவசரம் என்று நினைக்கிறேன். உள்ளே இருப்பவரின் கூலியைக் கட்டிவைத்து வெளியே இருப்பவருக்கு வேலை தருவது நியாயமான பங்கீடு அல்ல. ஆயினும் இந்த இழப்பை மறைத்துப் பேசுவதும் நேர்மையாகாது.

பஹ்ரைனின் ‘ஃப்ளெக்ஸி’ அனுமதி இன்னொரு பாடம். 2017இல் வந்த அந்தத் திட்டத்தில் தொழிலாளி தனக்குத் தானே பொறுப்பேற்கலாம். கட்டணத்தையும் அவரே கட்ட வேண்டும். கஃபீல் போனார், செலவு தங்கிற்று. 2022இல் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. தென்கொரியா வேறு வழியில் போனது. 2004 முதல் அரசுகளுக்கிடையே ஆள் எடுத்து ஏஜெண்ட் கையை ஒதுக்கியது. ஆனால் பணியிட மாற்றத்துக்கு எண்ணிக்கை வரம்பு வைத்தது.

படிப்பு அவிழ்க்காத கட்டு

திறன் கூடினால் கட்டு தளரும் என்பது பொது நம்பிக்கை. அமெரிக்காவின் எச்-1பி இதைப் பாதியளவே உறுதிப்படுத்துகிறது. 1990ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருப்பெற்ற இந்த விசாவுக்கு ஆண்டு வரம்பு 65,000. அமெரிக்க முதுகலைப் பட்டதாரிகளுக்குக் கூடுதலாக 20,000. 2000ஆம் ஆண்டுச் சட்டம், புதிய முதலாளி மனு போட்டவுடனே அங்கே வேலையைத் தொடங்கலாம் என்றது. 2017 முதல் வேலை போனவருக்கு 60 நாள் அவகாசம் உண்டு. கஃபாலாவோடு ஒப்பிட்டால் இவை பெரிய உரிமைகள்.

ஆனாலும் நிரந்தர வசிப்புரிமை அட்டைக்கு ஒரு நாட்டுக்கு 7 விழுக்காடு என்ற வரம்பு இருப்பதால், இந்தியர்களின் வரிசை பல்லாண்டுகள் நீள்கிறது. அந்த மனுவையும் தொடங்குபவர் முதலாளியே. கன்சல்டன்சி வழியாகப் போய் வேலை ஒதுக்கப்படாமல் ‘பெஞ்சில்’ உட்கார்ந்திருக்கும் சென்னைப் பொறியாளர் சட்டப்படி சம்பளம் கேட்கலாம். கேட்டால் மனு என்னாகும் என்ற எண்ணம் வாயைக் கட்டுகிறது. 2025 செப்டம்பரில் புதிய மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டது. ஒரு ஆளுக்கு அவ்வளவு கொட்டிய முதலாளி அவரை எளிதில் விடுவாரா என்பது இனிமேல் தெரியும். அமெரிக்காவில் நடக்கும் விவாதம் பெரும்பாலும் அமெரிக்கத் தொழிலாளியின் வேலை போகிறதா என்பது பற்றியது. வந்தவரின் பேரம் பேசும் வலிமை அதில் ஓரமாகவே இருக்கிறது.

ஊரில் தொடங்கும் பூட்டு

இதுவரை சொன்ன வாதங்கள் எல்லாம் பெரும்பாலும் போகும் நாட்டைப் பார்க்கின்றன. துண்டின் பாடம் புறப்படும் ஊரையும் பார்க்கச் சொல்கிறது.

இந்தியாவின் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ், பதிவுபெற்ற ஏஜெண்ட் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம். உலக வங்கியும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் நடத்திய செலவுக் கணக்கெடுப்புகள், தொழிலாளர் தரும் தொகை இதைப் பல மடங்கு தாண்டுவதைக் காட்டியிருக்கின்றன. தாலுகா ஊர்களில் பேரம் நடப்பது பதிவுபெற்ற அலுவலகத்தில் அல்ல, சப்-ஏஜெண்டிடம். இதில் ‘ஃப்ரீ விசா’ என்று ஒன்று விற்கப்படுகிறது. எந்த கம்பெனியிலும் வேலை பார்த்துக்கொள்ளலாம், கஃபீலுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை தந்தால் போதும் என்பது அதன் பொருள். வேறிடத்தில் பிடிபட்டால் சட்டமீறல் தொழிலாளி தலையில் விழும்.

ஒருவர் 1,50,000 ரூபாயை நூற்றுக்கு மூன்று வட்டியில் வாங்கிப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாத வட்டி மட்டும் 4,500 ரூபாய். 2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த கத்தாரின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளமான 1,000 ரியாலில் இது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. இந்தக் கணக்கோடு இறங்கியவருக்குத் தடையின்மைச் சான்று தேவையில்லை என்று சட்டம் சொன்னாலும், ஒரு மாதச் சம்பளமின்றி வேறு வேலை தேடும் துணிச்சல் எங்கிருந்து வரும்? 1921க்கு முன் இலங்கையில் துண்டு பற்றி நடந்த விவாதம் கடன் பற்றிய விவாதமாகவே நடந்தது. இன்றைய சீர்திருத்தங்கள் தாளை மட்டும் கிழித்துவிட்டுக் கடனை அப்படியே விட்டிருக்கின்றன.

தாய்நாட்டுப் பாதுகாப்பு வலையிலும் ஒரு விசித்திரம் உண்டு. பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி தேவை. ஒப்பந்தமும் சம்பளமும் இ-மைக்ரேட் தளத்தில் ஏறும். தேறியவருக்கு இது கட்டாயமில்லை, விரும்பினால் பதியலாம். பள்ளிக்கல்வி பரவிய தமிழ்நாட்டில் ஐடிஐ முடித்துப் போகும் இளைஞர் பலரும் இதனால் வலைக்கு வெளியே. சிங்கப்பூர் இந்த 18 நாடுகளின் பட்டியலிலேயே இல்லை. படித்தவர் தன்னைக் காத்துக்கொள்வார் என்ற அனுமானம், கட்டு அவரையும் அதே இறுக்கத்தில் பிடிக்கிறது என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை.

செவிலியர் விஷயத்தில் மட்டும் 2015இல் ஒன்றிய அரசு வேறு முடிவெடுத்தது. படித்தவர்களே ஆனாலும் அந்த 18 நாடுகளுக்கு அரசு முகமைகள் வழியாகவே போக வேண்டும் என்றது. 1978 முதல் இயங்கும் தமிழ்நாட்டின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் அவற்றில் ஒன்று.

தீராதவை

மூன்று விஷயங்களில் ஓரளவு ஒப்புதல் உருவாகியிருக்கிறது. முதலாளி வரவழைப்பது வேறு, முதலாளி சொந்தமாக்கிக்கொள்வது வேறு. மாறும் உரிமை வந்தால் உள்ளே இருப்பவரின் சம்பளம் கூடுகிறது. வீட்டு வேலைக்காரரை விட்டுவிட்ட சீர்திருத்தம் அரைகுறை. இவற்றை மறுக்கும் ஆய்வாளர் இன்று குறைவு.

எங்கே நிற்பது என்பதில் ஒப்புதல் இல்லை. ஒரு துறைக்குள் மட்டும் மாறலாமா, எங்கும் மாறலாமா? செலவழித்த முதலாளிக்கு எத்தனை மாதம் உத்தரவாதம் தருவது: ஆறு மாதமா, ஓராண்டா? புதிதாக வருபவரின் வாய்ப்பு சுருங்குவதை எப்படி ஈடுகட்டுவது? அமீரகத்து முடிவுகள் கட்டுமானத் தொழிலிலிருந்து மருத்துவமனைக்கு, வளைகுடாவிலிருந்து சிங்கப்பூருக்குப் பொருந்துமா? புதிய முதலாளி பழைய முதலாளிக்குச் செலவில் ஒரு பங்கைத் திருப்பித் தரும் ஏற்பாட்டைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். அது மறுபடி ஒரு துண்டாக மாறாமல் காப்பது எப்படி என்பதற்கு அவர்களிடம் உறுதியான பதில் இல்லை.

செலவு யாருடையது என்பதுதான் இவை எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கிறது. ஆளெடுப்புச் செலவு முழுவதையும் முதலாளியே ஏற்க வேண்டும் என்ற கொள்கையைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு வலியுறுத்துகிறது. இந்தியச் சட்டமோ 30,000 ரூபாயைத் தொழிலாளியிடம் வாங்க அனுமதிக்கிறது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக ஒரு வரைவு மசோதாவை ஒன்றிய அரசு 2025 அக்டோபரில் கருத்துக் கேட்டு வெளியிட்டது. பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு செஞ்சியிலிருந்து பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும் வெல்டர் அதன் எந்தப் பிரிவில் வருவார், அவர் வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்காமல் விமானம் ஏற அதில் என்ன வழி இருக்கும் என்பதை வைத்தே அந்தச் சட்டத்தை மதிப்பிட வேண்டியிருக்கும்.